சுத்தபோசனம்

பதினாலாம் நம்பர் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் சவேரியம்மாள் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்று சொன்னால் ஏதோ அவளாக வந்து உட்கார்ந்தது மாதிரி இருக்கும், செல்வராணிதான் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள், காலி இட்லித் தட்டுகளை அடுக்கிக்கொண்டே, இன்னைக்கு ரெண்டாவது வெள்ளி, எக்சர்சைஸ் பொண்ணு வருது, யாரும் கட்டில்ல சாஞ்சிராதீங்க என்று சொல்லிவிட்டும் போயிருந்தாள். மணி எட்டரை. எப்படியும் பதினொரு மணிக்குள் பதினாலாம் நம்பருக்கு வந்துவிடும். இரண்டரை மணி நேரம் இருக்கிறது என்று நினைத்தால் கொஞ்சம் தெம்பாக இருந்தது, இரண்டரை மணி நேரம்தான் இருக்கிறது என்று நினைத்தால் அந்தத் தெம்பு போனது, இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு இருந்தாள். அந்தப் பெண் வந்து, கையை மார்புல குறுக்கக் கட்டிக்கங்கம்மா என்று சொல்லும். கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல், இந்த நாற்காலியை விட்டு அஞ்சு தடவை எழுந்து அஞ்சு தடவை உட்கார வேண்டும். அவ்வளவுதான். அதைச் செய்துவிட்டால் இந்த முன் கூடத்தில் இன்னும் ஒரு மாசம். செய்யாவிட்டால் பின்கட்டு. ஆள் பத்தாத இல்லம் இது, நாலு சிஸ்டர்மாரும் மூணு வேலைக்காரப் பெண்களும் நாற்பத்திரண்டு கிழங்களை மேய்க்க வேண்டும், அதனால் தானாக எழுந்திருக்க முடியாதவர்களை எல்லாம் பின்கட்டில் ஒரே இடத்தில் போட்டுப் பார்த்துக்கொள்வது பெரிய சிஸ்டர் செய்த ஏற்பாடு. அதைத் தப்பு என்று சொல்ல முடியாது, அந்த இடத்தில் சவேரியம்மாளை வைத்தால் அவளும் அதைத்தான் செய்வாள். ஆனால் பின்கட்டுக்குப் போன ஒருத்தி திரும்பி நடந்து முன் கூடத்துக்கு வந்து இந்த ஆறு வருஷத்தில் அவள் பார்த்ததில்லை. போன மாசம் அஞ்சு தடவை எழுந்தாள். நாலுதான் ஒழுங்கு, அஞ்சாவதுக்கு முட்டியின் பின்பக்கத்தை நாற்காலி விளிம்பில் முட்டுக்கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளி எழுந்தாள், அந்தப் பெண் பார்த்தது, பார்த்துவிட்டு அஞ்சு என்றே எழுதியது. இந்தத் தடவை தொடையில் அந்தத் தள்ளுக்கு ஆள் இல்லை. வீட்டுக்குள் கூப்பிட்டால் யாரும் ஏன் என்று கேட்காத மாதிரி இருக்கிறது, எழுந்திரு என்று மனசு சொல்கிறது, கீழே இருந்து பதில் வரவில்லை.

குனிந்து காலைப் பார்த்தாள். கணுக்கால் எலும்பு வேறு யாருடையதோ மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. ஜனவரியில் அந்தப் பெண் தையல்காரன் டேப் மாதிரி ஒன்றைக் கெண்டைக்காலில் சுற்றி முப்பத்திரண்டு என்றது, போன மாசம் இருபத்தொன்பது. மூணு எங்கே போனது? உருகி ஓடினால் நாற்காலிக்கு அடியில் ஈரமாவது தெரிய வேண்டாமா என்று அவள் நினைத்தாள், நினைத்துவிட்டு நிஜமாகவே நாற்காலிக்கு அடியில் ஒரு பார்வை பார்த்தாள், பார்த்ததற்கு வெட்கப்பட்டாள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டில் முப்பத்தி நாலு வருஷம் ஆயாவாக இருந்தவள். எத்தனை உடம்பைத் தூக்கியிருப்பாள், கழுத்துக்கு அடியில் ஒரு கை, முட்டிக்கு அடியில் ஒரு கை, மூச்சை இழுத்துப் பிடித்து ஒரே எழும்பு. தூக்கித் தூக்கி அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது, எழுந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறவன் எண்பது கிலோ இருந்தாலும் தூக்கிவிடலாம், பாதியை அவனே தூக்கிக் கொடுப்பான், விட்டுவிட்டவன் நாற்பது கிலோவாக இருந்தாலும் ஈர மண்ணை மூட்டை கட்டின கனம். இன்றைக்குக் காலையில் செல்வராணி தூக்கும்போது தான் எந்தக் கனம் கனத்தோம் என்று யோசித்தாள். செல்வராணி முகத்தைப் பார்த்திருக்கலாம். பார்க்கப் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரி நாளில் வார்டில் ஒரு லாரி டிரைவர் இருந்தான், தொடை எலும்பு முறிந்து வந்தவன், உரல் மாதிரித் தொடை, காலில் எடை கட்டித் தொங்கவிட்டு ஆறு வாரம் மல்லாக்கப் போட்டிருந்தார்கள், கட்டைப் பிரித்த அன்றைக்குத் தன் காலைப் பார்த்துவிட்டு, ஆயா, என் காலை மாத்திட்டாங்க ஆயா, இது வேற யாரு காலோ என்று அழுதான். இவள் சிரித்தாள். வார்டே சிரித்தது. அந்தச் சிரிப்பு இத்தனை வருஷம் எங்கே பதுங்கிக் கிடந்ததோ, இப்போது ஜன்னல் வழியாகத் திரும்பி வந்து அவள் மடியில் உட்கார்ந்துகொண்டது. அவனுக்கு எழுந்திருக்கச் சொல்லிக் கொடுத்ததும் இவள்தான், பாதத்தைப் பின்னால இழு, மூக்கை முட்டிக்கு நேரா கொண்டா, அப்புறம் எந்திரி என்று. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் இப்போது அவளும் பாதத்தைப் பின்னால் இழுத்தாள், மூக்கை முட்டிக்கு நேராகக் கொண்டு போனாள், கைப்பிடியில் ரெண்டு கையையும் ஊன்றி அழுத்தினாள். நாற்காலிக்கும் அவளுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி வந்தது, தொடை ரெண்டும் வெடவெடவென்று ஆடியது, திரும்ப உட்கார்ந்துவிட்டாள். கை ஊன்றியே இந்த அழகு. காதுக்குள் ஙொய் என்று கேட்டது. கூடத்தின் அந்தக் கோடியில் சக்கர நாற்காலி உருளும் சத்தம், அதுவாக இருக்கும், இல்லை, காதுக்குள்தான்.

எல்லாம் மரிய புஷ்பத்தால் வந்தது. அவளால் வந்தது என்று சொல்வது பாவம், அவள் என்ன செய்தாள், பதிமூணாம் கட்டிலில் இவளுக்குப் பக்கத்தில் மூணு வருஷம் படுத்திருந்தாள், காய்ச்சல் வந்து பத்து நாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள், காய்ச்சலை அங்கே விட்டுவிட்டு வந்தாள், கூடவே காலையும் விட்டுவிட்டு வந்தாள். நேராகப் பின்கட்டு. மூணு வாரம் கழித்து சவேரியம்மாள் பார்க்கப் போனபோது நிலைப்படியிலேயே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. படுக்கைப் புண் வாடை. எந்த மருந்துத் தண்ணியை ஊற்றிக் கழுவினாலும் அந்த மூக்கை ஏமாற்ற முடியாது, அந்த மூக்குக்கு அரசாங்கம் முப்பத்தி நாலு வருஷம் சம்பளம் கொடுத்திருக்கிறது. புஷ்பம் இவளைப் பார்த்து, சவேரி, என்னைக் கொஞ்சம் அந்தப் பக்கமாத் திருப்பி விடேன் என்று மட்டும் கேட்டாள். திருப்பிவிட்டாள். திருப்பும்போது அந்தத் தோளில் கை வைத்த இடத்தில் பிடிப்பதற்குச் சதை இல்லை, சேலைக்குள் குடைக் கம்பி. அதற்கு அடுத்த வாரம் சாம்பல் புதன், தவசு காலம் தொடங்குகிற நாள். நெற்றியில் சாமியார் சாம்பலைப் பூசும்போது சவேரியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு நேர்ந்துகொண்டாள். ஆண்டவரே, என்னைப் படுக்கையில போட்டுடாதேயும், கால் நடமாடும்போதே எடுத்துக்கொள்ளும், அதுக்காகத் தவசு காலம் முழுசும் ஒருசந்தி இருக்கேன், சுத்தபோசனம் இருக்கேன் என்று. ஒரு நாளைக்கு ஒரே வேளைச் சோறு, கறி மீன் முட்டை எதுவும் தொடாமல். அறுபதைத் தாண்டினவர்களுக்கு ஒருசந்தி கிடையாது என்று சாமியார் வருஷா வருஷம் பூசையில் சொல்கிறதுதான், இவளுக்கு எழுபத்தேழு. ஆனால் சாமியார் கேட்டுச் செய்கிற காரியமா இது. இவளுக்கும் அவருக்கும் நடுவில் உள்ளது. வெளியே சொன்னால் பலன் போய்விடும் என்று அவள் அம்மா சொல்லி வைத்திருந்தாள், அதனால் ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

ஒளிப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை. ஆயாவாக இருந்தவள் என்பதால் சவேரியம்மா தட்டை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, எட்டிப் பார்க்க நேரமும் இல்லை. பதிமூணாம் கட்டிலுக்கு இப்போது தெக்கிலம்மாள் வந்திருந்தாள், பல் ஒன்றுகூட இல்லை, வாய் மட்டும் குறைச்சல் இல்லை. காலை இட்லி அவள் தட்டுக்குப் போகும், ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற அவிச்ச முட்டையும் அவளுக்கே போகும். முட்டை வாடை எனக்கு ஆகாது என்று இவள் சொல்லியிருந்தாள். தெக்கிலம்மாள் முட்டையை விரலால் பிசைந்துகொண்டே, முட்டை வாடை பிடிக்காதவ ஆஸ்பத்திரியில முப்பத்தி நாலு வருஷம் பீத்துணி அலசுனாளாம், கேக்குறவளுக்குப் பல்லுதான் இல்லை, காதுமா இல்லை என்பாள். கேட்பாளே தவிர முட்டையைத் திருப்பிக் கொடுக்க மாட்டாள், மூணு மாசத்தில் கன்னம் உப்பிவிட்டது. ராத்திரிக் கஞ்சியை ஏற்கெனவே நிறுத்தியாகிவிட்டது, குடித்தால் நடுச்சாமத்தில் கக்கூசுக்கு எழுந்திருக்க வேண்டும், எழுந்தால் விழுவோமோ என்று பயம். ஏப்ரல் இருபதாம் தேதி ஈஸ்டர், அந்த உயிர்ப்புத் திருநாளோடு நேர்ச்சை முடிந்தது. அன்றைக்குப் பிரியாணி கொடுத்தார்கள், ரெண்டு வாய் தின்றாள், ஒட்டவில்லை, சாயங்காலம் கோவிலுக்குள் மண்டியிட்டவள் எழுந்திருக்க முடியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குத்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது, கொடுத்தது பத்தவில்லையோ, எங்கேயோ குறை வைத்துவிட்டோமோ. மறுநாளே திரும்ப ஆரம்பித்தாள், மே மாசம் மாதாவுக்கு வணக்க மாசம், அது முடிகிற வரைக்கும் என்று. வணக்க மாசத்தில் கால் இன்னும் மோசம். சரி, ஜூன் திரு இருதய மாசம், அது முடிகிற வரைக்கும் என்று நீட்டினாள். கால் போகப் போக ஒருசந்தியை இழுத்துப் பிடித்தாள், ஒருசந்தியை இழுக்க இழுக்கக் கால் போனது. இது ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவள் பார்த்ததே இல்லை. மனசு அந்த இடத்துக்குப் போகும், கிட்டே போனதும் வேறு எதையாவது எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடும், இப்போது வருகிறதே, இந்த ஜன்னல் கம்பிக்கு யார் பச்சைப் பெயிண்ட் அடித்தது, முன்னால் நீலமாக இருந்ததே என்று.

பெண் வந்துவிட்டது. தஸ்லிமா என்று பெயர், இருபத்தைந்து வயசு இருக்கும், தலையில் முக்காடும் தோளில் பெரிய பையும், பையிலிருந்து ஒரு கையால் பிடித்து நசுக்குகிற மெஷினையும் அந்த டேப்பையும் எடுத்து ஒன்றாம் நம்பர் கட்டிலில் வைத்தாயிற்று. வந்ததும் வராததுமாகச் செல்வராணியோடு சண்டை. சாப்பாட்டுக் கூடத்துக்கு எல்லாரையும் ஏன் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளுகிறாய் என்று. செல்வராணி சொன்னாள், இதுங்க நடந்து வர்றதுக்குள்ள சோறு புளிச்சுப் போயிரும், நீ மாசத்துக்கு ஒருக்கா வர்ற மகராசி, எனக்கு நாப்பத்திரண்டு தட்டு. ரெண்டு பேர் சொல்வதும் நியாயம். சவேரியம்மாளுக்குச் செல்வராணி மேல் கோபம் இல்லை, அவளும் பாசத்தில் செய்கிறாள், துணியைக்கூடப் பிழிய விடுவதில்லை, சும்மா உக்காருங்க பாட்டி, நீங்க எவ்வளவு பேருக்குச் செஞ்சிருப்பீங்க என்பாள். சும்மா உட்கார்ந்து உட்கார்ந்து ஆறு வருஷம். நாலாம் நம்பர் எழுந்தது, அஞ்சு. ஆறாம் நம்பர், அஞ்சு, கொஞ்சம் கைதட்டல். எட்டாம் நம்பருக்கு மூச்சு வாங்குகிற சத்தம் இங்கே கேட்டது. சமையல்கட்டிலிருந்து முட்டை அவிகிற வாடை வந்தது, வந்ததும் வாய்க்குள் தண்ணீர் நிறைந்தது, கண்ணிலும் நிறைந்தது, ச்சீ என்று விழுங்கினாள். போன மாசம் இந்தப் பெண் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்துப் பேசியது, அதில் பாதி இவளுக்குக் காதில் விழவில்லை, ஒன்று மட்டும் விழுந்து முள் மாதிரி உள்ளே தங்கிவிட்டது. தசைக்குத் தீனி முட்டை, பருப்பு, பால், மீன். தீனி போடலேன்னா உடம்பு சும்மா இருக்காது, தன் தசையவே எடுத்துத் தின்ன ஆரம்பிச்சிரும். தன் தசையவே எடுத்து. பத்தாம் நம்பர். தன் தசையவே. ஒரு மாசமாக அவள் இதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறாள், வார்டில் துணி போட்டு மூடின கட்டிலைச் சுற்றிக்கொண்டு நடப்பாள் அல்லவா, அந்த மாதிரி, துணியைத் தூக்கிப் பார்க்காமல். பதினொன்று. இன்றைக்குத் துணி தானாக நழுவிவிட்டது. கவுச்சி வேண்டாம், சுத்தபோசனம் என்று மீனைத் தள்ளி, கறியைத் தள்ளி, முட்டையைத் தெக்கிலம்மாளுக்குத் தள்ளி, இத்தனை நாளும் தின்றது எதை? கெண்டைக்காலில் காணாமல் போன மூணு எங்கே போனது? கோழிக்கறி தின்னாதவள் தன் கறியைத் தின்றிருக்கிறாள். தினமும். மண்டியிட்டு. ஜெபம் சொல்லி. கால் வேண்டும் என்று காலையே தின்று காணிக்கை வைத்தவளை அவர் என்ன செய்வார், பார்த்துக்கொண்டா இருந்தார்? அப்படி நினைப்பது பாவம். சரி, பாவம். பார்த்துக்கொண்டுதானே இருந்தார். ஒருவேளை சாமியார் வாயால் வருஷா வருஷம் அவர்தான் சொன்னாரோ, அறுபதுக்கு மேலே கிடையாது என்று, கேட்காமல் போனது இவளோ. தலை சுற்றியது. நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், அந்த இறுக்கத்திலும் பலம் இல்லை, விரல் மட்டும் வெளுத்தது.

பதிமூணு. தெக்கிலம்மாள் அஞ்சு தடவையும் எழுந்து, ஆறாவது தடவை ஒரு கும்பிடும் போட்டுவிட்டு உட்கார்ந்தாள், எல்லாம் சவேரி முட்டை என்று சொல்லிச் சிரித்தாள். தஸ்லிமா சிரிக்கவில்லை, ஒரு நொடி திரும்பி இவளைப் பார்த்தது. பிறகு பதினாலு. முதல் தடவை எழுந்தாள், எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது, அந்த லாரி டிரைவருக்குச் சொன்னதையெல்லாம் தனக்குச் சொல்லிக்கொண்டு எழுந்தாள். ரெண்டாவது தடவை எழும்போது தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மூணாவது தடவை பாதியில் நின்று, நின்று, தொடை ரெண்டும் கேட்காமல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள், குறுக்கே கட்டின கை அவிழ்ந்து போனது. தஸ்லிமா அவசரப்படவில்லை. எதிரே தரையிலேயே உட்கார்ந்துகொண்டு இவள் முட்டி மேல் கையை வைத்தது. சின்னக் கை, சூடாக இருந்தது.

"முட்டையை அவங்களுக்கா குடுக்குறீங்க?"

சொன்னால் பலன் போய்விடும். சொல்லாவிட்டால் பின்கட்டு. இத்தனை நாள் பட்டினியும் ஒரு சொல்லில் சும்மா கிடந்த பட்டினியாகிவிடும். தஸ்லிமா தாழ்ந்த குரலில் சொன்னது, ரெண்டுதான் எழுதணும் நான், எழுதினா சிஸ்டர் இன்னைக்கே பின்னால மாத்திருவாங்க, வயசால வந்ததுன்னா நான் ஒண்ணும் கேக்க முடியாது, ஆனா சாப்பாட்டால வந்ததுன்னா காரணம் எழுதி ஒரு மாசம் டைம் கேக்கலாம், கேட்டா குடுப்பாங்களான்னு எனக்குத் தெரியாது, சிஸ்டர் கையிலதான் இருக்கு, காரணம் மட்டும் நீங்க சொல்லணும் என்று. கூடத்தில் எல்லாரும் இவளையே பார்த்த மாதிரி இருந்தது, யாரும் பார்க்கவில்லை, தெக்கிலம்மாள்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள். புஷ்பத்தின் தோளில் கை வைத்த இடம் நினைவுக்கு வந்தது. அம்மா முகம் நினைவுக்கு வரவில்லை, வரட்டும் என்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒருசந்தி இருந்தேன்" என்றாள். "கால் போகக் கூடாதுன்னு."

தஸ்லிமா திருத்தவில்லை, ஐயோ என்று சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டியது. எங்க அத்தா சுகர்காரரு, அவரும் இப்படித்தான் நோன்பை விடமாட்டேன்னு நின்னாரு, கடைசியில பள்ளிவாசல் ஹஜ்ரத்தே வீட்டுக்கு வந்து, முடியாதவனுக்கு இது கடமை இல்ல, பதிலுக்கு ஒரு ஏழைக்குச் சோறு குடுன்னு சொல்லிட்டுப் போனாரு என்றது. ஏழைக்கு நான் எங்க போக, இங்க இருக்கிறதுல ஏழை நான்தான் என்றாள் சவேரியம்மாள், சொல்லும்போது சிரிப்பு வரும் என்று நினைத்தாள், வரவில்லை. தஸ்லிமா பேனாவைத் திறந்தது.

"எத்தனை நாளாம்மா?"

அவள் அதை இதுவரை கூட்டிப் பார்த்ததில்லை. விரலை மடக்கினாள். தவசு காலம் ஞாயிற்றுக்கிழமையையும் விடாமல் நாற்பத்தாறு. உயிர்ப்புத் திருநாள் ஒருநாள் கழித்து ஏப்ரலில் மிச்சம் பத்து. வணக்க மாசம் முப்பத்தொண்ணு. இந்த மாசம் இன்றையோடு பதிமூணு. சொல்லச் சொல்ல அந்தப் பெண் தாளின் ஓரத்தில் எழுதிக் கூட்டியது, கூட்டிவிட்டு முட்டை வாடை வருகிற சமையல்கட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தது. பிறகு மேலே கட்டத்தில் ஒரு எண்ணை எழுதித் தாளைத் திருப்பிக் காட்டியது. சவேரியம்மாள் கண்ணைச் சுருக்கிப் படித்தாள். தொண்ணூற்றொன்பது என்று இருந்தது.

"நூறு வரணும்" என்றாள் அவள். சொல்லும்போது கொஞ்சம் கோபம்கூட வந்தது, பட்ட பாட்டில் ஒன்றைக் குறைத்தால் வராதா. "ஒண்ணு குறையுது பாரு. இன்னைக்குச் சேக்கலை நீ."

"குறையட்டும்மா" என்றது தஸ்லிமா.